வீதியை மூடுவதும் படலையைச் சாத்துவதும்

2022 ஏப்ரல் 3 ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை. நாடெங்கும் ஊரடங்குச் சட்டம். காலையில் பக்கத்து வீட்டு அம்மா கைத்தொலைபேசியும் கையுமாக எங்கள் வேலியோரம் வந்து நின்றார். குவைத்தில் வீட்டுவேலை செய்யும் மகள் நாளாந்தம் காலையில் வட்சப்பில் முகம் காட்டிக் கதைப்பாள். அன்று அழைப்பு வரவில்லை.

"பிள்ளை, போன் பழுதாப் போச்சுதோ? இல்லாட்டி அங்க அவளுக்கு ஏதும் நடந்திட்டுதோ?"

போனில் பழுது ஒன்றும் இல்லை. அன்று அரசுக்கு எதிரான ஆர்ப்பாட்டங்களுக்கு அழைப்பு விடுக்கப்பட்டிருந்தது. பாதுகாப்பு அமைச்சின் வேண்டுகோளின் பேரில் முகநூல், வட்சப், வைபர், யூடியூப் முதலியவை நள்ளிரவுக்குப் பின் தடை செய்யப்பட்டிருந்தன. பிற்பகலில் தடை நீக்கப்பட்டது. ஆனால் போர்க்காலத்தில் தொடர்பு அறுந்த நாட்களில் எதை எதை இழந்தோம் என்று அறிந்த ஒரு தாய்க்கு, அந்தச் சில மணித்தியாலங்கள் சின்ன விடயம் அல்ல.

சில மாதங்களின் பின் வேறொரு சகோதரி என்னைத் தேடி வந்தார். கணவனை இழந்தவர். தையல் வேலை செய்து இரண்டு பிள்ளைகளைப் படிப்பிக்கிறார். தைத்த சட்டைகளின் படங்களை முகநூலில் போட்டு ஓடர் எடுப்பார். அதிலிருந்த அவருடைய படத்தை யாரோ எடுத்து ஆபாசமாக மாற்றி, காசு தராவிட்டால் ஊருக்கெல்லாம் அனுப்புவேன் என்று மிரட்டியிருக்கிறான். அழுதழுது அவர் கேட்ட கேள்வி இது:

"இந்தக் கோதாரியளை அரசாங்கம் ஒரேயடியா மூடிவிட்டால் என்ன மிஸ்?"

ஒருவருக்கு மூடியதால் துன்பம். மற்றவருக்குத் திறந்திருப்பதால் துன்பம். இருவரின் கண்ணீரும் உண்மையானதே. அப்படியானால் எமக்கு வேண்டியது சுதந்திரமா, பாதுகாப்பா?

இணையத்தால் எமது நாட்டில் தீங்கு விளைந்தது மறுக்க முடியாதது. 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்தில் முஸ்லிம் மக்களுக்கு எதிராக வன்முறை வெடித்தபோது வெறுப்புப் பேச்சு முகநூலில் பரவியது. அதில் தனது தளத்துக்கு இருந்த பங்குக்காக அந்த நிறுவனமே 2020 இல் மன்னிப்புக் கோரியது. அரசு அப்போதும் சமூக ஊடகங்களை முடக்கியது. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளின் பின்னரும் முடக்கியது. ஆனால் வீதியை மூடினால் கள்ளன் மட்டுமா நிற்பான்? வைத்தியசாலைக்குப் போகிறவரும்தான் நிற்பார். அதிலும் விபரம் தெரிந்தவர்கள் வி.பி.என் என்ற மாற்றுவழி மூலம் தடையைத் தாண்டினார்கள். அகப்பட்டுக்கொண்டவர்கள் பக்கத்து வீட்டு அம்மாவைப் போன்றவர்களே.

அடுத்து வந்தது சட்டம். நிகழ்நிலைக் காப்புச் சட்டமூலம் 2023 செப்டெம்பரில் வர்த்தமானியில் வெளியானது. நாற்பதுக்கும் மேற்பட்ட மனுக்கள் உயர் நீதிமன்றத்துக்குச் சென்றன. பல பிரிவுகள் திருத்தப்பட வேண்டும் என்று நீதிமன்றம் கூறியது. 2024 ஜனவரி 24 ஆம் திகதி 108 க்கு 62 என்ற வாக்குகளால் அது நிறைவேறியது. பெண்களையும் சிறுவர்களையும் பாதுகாக்கவே இச்சட்டம் என்று சொல்லப்பட்டது. ஒருவரின் அந்தரங்கத் தகவலை அவரைத் துன்புறுத்தும் நோக்குடன் வெளியிடுவது குற்றம் என்ற ஏற்பாடும் அதில் உண்டு. தையல் சகோதரிக்கு அது பயன்படக் கூடியது.

ஆனால் அதே சட்டம் பொய்யான கூற்று என்று கருதப்படுவதைப் பரப்பியவருக்கு அறிவித்தல் கொடுக்கவும், அதனை இணையத்தில் பார்க்க முடியாதவாறு தடுக்கப் பணிக்கவும் ஐவர் கொண்ட ஆணைக்குழு ஒன்றுக்கு அதிகாரம் வழங்கியது. அவர்களை நியமிப்பவர் ஜனாதிபதி. அதற்கு அரசியலமைப்புப் பேரவையின் அங்கீகாரம் வேண்டும். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடர் போராட்டத்தைத் தொடங்கிய, காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மாரை நினைத்துப் பாருங்கள். "என் பிள்ளையைக் கையால் கூட்டிக்கொண்டுபோய் ஒப்படைத்தேன்" என்று ஒரு தாய் எழுதினால், அது உண்மையா பொய்யா என்று தீர்மானிப்பது யார்? இந்தப் பயம் வாயை மூடச் செய்வதற்கு வழக்கு வரவேண்டும் என்பதில்லை. சட்டம் இருக்கிறது என்ற எண்ணமே போதும். 2024 இல் ஆட்சிக்கு வந்த அரசும் இச்சட்டத்தைத் திருத்தப்போவதாகக் கூறியது.

இன்னொரு சட்டமும் உண்டு. அது பற்றி எம்மிடையே பேச்சே இல்லை. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம். எமது பெயர், விலாசம், நோய் விபரம், வங்கி விபரம் முதலியவற்றைச் சேகரிப்பவர் ஏன் சேகரிக்கிறார் என்று சொல்லவேண்டும், வேறு தேவைக்குப் பயன்படுத்தக் கூடாது என்பதே அதன் சாரம். அதன் முக்கிய பகுதிகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்தன. பின்னர் ஒத்திவைக்கப்பட்டன. எம்மை வாய் மூடச் செய்யக்கூடிய சட்டம் சில மாதங்களில் வந்துவிட்டது. எமது அந்தரங்கத்தைக் காக்கும் சட்டம் வாசலிலேயே நின்றது. இதுதான் எனது கவலை.

இதில் எமது பக்கமும் ஒன்று இருக்கிறது. நலன்புரி முகாம்களில் குளிக்கவும் மறைவிடம் இல்லாமல் வாழ்ந்தவர்கள் நாம். பதிவு, மீள்பதிவு, நிவாரணப் படிவம், வீட்டுத்திட்டப் படிவம், கடன் படிவம் என்று எத்தனை பேர் கேட்டார்கள், எத்தனை பேருக்குக் கொடுத்தோம்! "ஏன் கேட்கிறீர்கள்?" என்று திருப்பிக் கேட்டால் உதவி கிடைக்காமல் போய்விடும் என்ற பயம். சமூகப் பணியாளர்களாகிய நாங்களும் அப்படிவங்களுடன் வந்தவர்கள்தான். அந்தப் பழக்கத்தால், யாரோ தெரியாதவர் தொலைபேசியில் கேட்டாலும் அடையாள அட்டை இலக்கத்தைச் சொல்லிவிடுகிறோம். அந்தரங்கம் என்பது ஒளித்து வைப்பதற்கு ஏதாவது உள்ளவர்களின் தேவை அல்ல. வீட்டுக்குப் படலை வைப்பது களவுப் பொருளை மறைக்கவா? யார் உள்ளே வரலாம் என்பதை நாம் தீர்மானிப்பதற்கே.

ஆகவே சகோதரிகளே, உங்கள் கைத்தொலைபேசிக்கும் ஒரு படலை வையுங்கள். திரைக்கு ஒரு பூட்டு இலக்கம் போடுங்கள். பிள்ளையின் பிறந்த ஆண்டைப் போடவேண்டாம். குறுஞ்செய்தியில் வரும் இரகசிய இலக்கத்தை வங்கி என்று சொல்லிக் கேட்டாலும் கொடுக்க வேண்டாம். முகநூலில் உங்கள் படங்களை நண்பர்கள் மட்டும் பார்க்கும்படி மாற்றலாம். வட்சப்பில் இரண்டாம் கட்டப் பூட்டும் உண்டு. இலவசமாகக் கிடைக்கும் வி.பி.என் எல்லாம் நம்பத்தக்கவை அல்ல. அதை நடத்துபவர் நீங்கள் எங்கெங்கு போகிறீர்கள் என்பதைப் பார்க்க முடியும்.

யாராவது படத்தைக் காட்டி மிரட்டினால் காசு கொடுக்க வேண்டாம். கொடுத்தால் மீண்டும் கேட்பான். செய்திகளை அழிக்காமல், திகதி தெரியத் திரையைப் படம் பிடித்து வையுங்கள். 1938 என்ற மகளிர் உதவி இலக்கத்துக்கு அழைக்கலாம். பொலிஸ் சிறுவர் மற்றும் மகளிர் பணியகத்தில் முறையிடலாம். 2021 இல் தொடங்கப்பட்ட 'ஸ்டொப் என்.சி.ஐ.ஐ' என்ற இணையச் சேவை 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கானது. அதில் உங்கள் படத்தை எவருக்கும் அனுப்பத் தேவையில்லை. படத்துக்குரிய ஓர் அடையாளக் குறியீடு உங்கள் தொலைபேசியிலேயே உருவாக்கப்பட்டு அது மட்டும் செல்லும். முகநூல் உட்பட அதில் இணைந்துள்ள தளங்கள் அந்தப் படத்தைக் கண்டறிந்து தடுக்க அது உதவும்.

தையல் சகோதரியுடன் நானும் பொலிஸ் நிலையம் போனேன். "நீர் ஏன் படம் போட்டனீர்?" என்பதே அங்கு கேட்ட முதற் கேள்வி. இருந்தும் முறைப்பாட்டைப் பதிவு செய்வித்தோம். அந்தப் போலிக் கணக்கைப் பற்றி முகநூலுக்கும் அறிவித்தோம். சில நாட்களில் அது நீக்கப்பட்டது. மிரட்டியவன் யாரென்று இன்றுவரை தெரியாது.

அவர் முகநூலை விட்டு விலகவில்லை. இப்போதும் ஓடர் எடுக்கிறார். அண்மையில் சந்தித்தபோது மூடுவது பற்றி மீண்டும் கேட்டேன். சிரித்தார்.

"மூடினால் நான் எங்க மிஸ் யாவாரம் செய்யிறது? என்ர படலையை நான் சாத்துறன். ரோட்டை ஆரும் மூடவேண்டாம்."