நூறு நாள் வேலை: எந்த 60 நாளை நிறுத்துவது?

விருதுநகர்–சிவகாசி சாலையில் இருக்கிற ஆமத்தூர் வட்டாரத்தில் பல குடும்பங்களுக்குப் பிழைப்பு மூன்று: கரிசல் காட்டு மானாவாரி வெள்ளாமை, வெடி ஆபீஸ் என்கிற பட்டாசு ஆலை, நூறு நாள் வேலை. ஒன்று கைவிட்டால் இன்னொன்று. இதில் மூன்றாவதைப் பற்றித்தான் அரசியல்வாதிகளின் பேச்சு ஆட்சிக்கு ஆட்சி மாறியிருக்கிறது.

விருதுநகர் மாவட்டத்துக்குத் திட்டம் வந்தது 2008-இல். ‘காட்டு வேலைக்கு ஆள் வரவில்லை’ என்ற புகாரும் கூடவே வந்தது. 2011-இல் மத்திய வேளாண் அமைச்சர் சரத் பவார், விவசாயம் மும்முரமான மாதங்களில் திட்டத்தை நிறுத்திவைக்கச் சொன்னார். அன்றைய காங்கிரஸ் கூட்டணி அரசு அதை ஏற்கவில்லை. 2015-இல் பிரதமர் மோடி, இது காங்கிரஸ் தோல்வியின் நினைவுச்சின்னம் என்று மக்களவையில் பேசினார். வெளியூர் போனவர்கள் ஊரடங்கில் திரும்பிவந்த 2020-இல், அவர் அரசே கூடுதலாக 40,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. 2021 தேர்தலில் திமுகவும் அதிமுகவும் 150 நாள் தருவதாக வாக்குக் கொடுத்தன.

2025 டிசம்பரில் நாடாளுமன்றம் இந்தத் திட்டத்துக்குப் பதிலாகப் புதுச் சட்டம் நிறைவேற்றியது. நாள் 125 ஆனது. முன்பு உடலுழைப்புக் கூலி முழுவதும் மத்திய அரசின் பொறுப்பு. புதுச் சட்டத்தில் தமிழ்நாடு போன்ற மாநிலங்களுக்குச் செலவில் 40 சதவீதம். அன்று பவார் கேட்டதும் உள்ளே வந்துவிட்டது: விதைப்பு, அறுவடைக் காலத்தில் மொத்தம் 60 நாள் வேலை கிடையாது.

ஆள்கள் காட்டு வேலைக்குப் போகட்டும் என்பது இதன் நோக்கம். இந்தப் பக்கத்து நடப்பு வேறு. தீபாவளிக்கு முன் வெடி ஆபீஸ் வேன் விடியற்காலையில் தெருவுக்கே வந்து ஆள் ஏற்றும். தீபாவளி முடிந்தால் வேன் வராது. அடைமழையில் வெடிமருந்து காயாது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பேரியம் கலந்த பட்டாசுக்குத் தடை விதித்தபின் ஆலைகள் மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்தன. அப்போதெல்லாம் அடுப்பெரிய உதவியது நூறு நாள் திட்டத்தின் கண்மாய் வேலைக் கூலிதான். அது இருக்கிற தைரியத்தில்தான், பாதுகாப்பில்லாத ஆலைக்குப் போக மாட்டேன் என்று ஒரு பெண்ணால் சொல்ல முடிகிறது.

நிறுத்தும் நாள்களை அறிவிப்பது மாநில அரசு. வட்டாரத்துக்கு வட்டாரம் வேறுபடுத்தவும் சட்டம் இடம் தருகிறது. டெல்டா நெல்லுக்குப் பொருந்தும் தேதிகளை ஆமத்தூருக்கும் போடக் கூடாது. தீபாவளிக்கு முந்திய நெருக்கடி வாரங்களில் நிறுத்தினால் இங்கே பாதிப்பு குறைவு. கார்த்திகை, மார்கழியில் வேலை திறந்திருக்க வேண்டும். அடுத்த கிராம சபையில் இதைத் தீர்மானமாகவே போட்டு ஆட்சியருக்கு அனுப்பலாம்.