காற்று கொஞ்சம் குறையட்டும்

ஜூன் பள்ளி விடுமுறையில் என் அண்ணன் மகனை செஸ்ட்நட் இயற்கைப் பூங்காவுக்கு அழைத்துப் போனேன். அவனுக்குப் பத்து வயது. பிறந்தநாளுக்குக் கிடைத்த மலைச் சைக்கிளை அதுவரை புளோக்கின் கீழ்த்தளத்திலும் பூங்கா இணைப்புப் பாதையிலும்தான் ஓட்டியிருந்தான். காட்டுக்குள் மண்பாதையில் ஓட்டப் போகிறோம் என்று தெரிந்ததும் முந்தின இரவு அவனுக்குத் தூக்கமே வரவில்லை.

டயருக்குக் காற்றடிப்பது என் பொறுப்பு. எவ்வளவு அடிப்பது? டயரின் பக்கவாட்டில் ‘50 பிஎஸ்ஐ’ என்று அச்சிட்டிருந்தது. சரி என்று இரண்டு டயர்களிலும் ஐம்பது அடித்தேன். விரலால் அழுத்திப் பார்த்தால் கல் மாதிரி இருந்தது. “சூப்பர், அத்தை!” என்றான்.

மறுநாள் காலை, முதல் அரை கிலோமீட்டருக்குள் மூன்று முறை விழுந்தான். இரவில் மழை பெய்திருந்தது. பாதையின் குறுக்கே கிடந்த ஈரமான மரவேர்களில் முன்சக்கரம் துள்ளித் துள்ளிப் பக்கவாட்டில் வழுக்கியது. மூன்றாவது முறை எழுந்தபோது முழங்காலில் இரத்தம். அவன் அழவில்லை. “எனக்கு ஓட்ட வரல அத்தை. வீட்டுக்குப் போலாம்” என்றான்.

பின்னால் வந்த சீன அங்கிள் ஒருவர் சைக்கிளை நிறுத்தினார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். காயத்தைப் பார்த்தார். பிறகு டயரை அழுத்திப் பார்த்தார். எவ்வளவு காற்று என்று கேட்டார். ஐம்பது என்று நான் சொன்னதும் சிரித்துவிட்டார். என்னிடம் கேட்டுக்கொண்டு வால்வை அழுத்திக் காற்றை வெளியேற்றத் தொடங்கினார். நடுநடுவே நிறுத்தி, பையில் வைத்திருந்த சிறிய கருவியால் அளந்தார். முன்சக்கரத்தில் 18, பின்சக்கரத்தில் 20 வந்ததும் நிறுத்தினார். “இப்போது ஓட்டிப் பார்” என்று சொல்லிவிட்டுத் தம் வழியே போனார்.

அதே வேர்தான். இம்முறை சக்கரம் துள்ளவில்லை. வேரின்மேல் படிந்து ஏறி, மெதுவாக இறங்கியது.

அன்று முழுக்க என்னை உறுத்தியது ஒன்றுதான். தனக்குத் திறமை இல்லை என்று அந்தப் பிள்ளை முடிவு செய்துவிட்டான். தவறு அவன் ஓட்டியதில் இல்லை, முந்தின இரவு நான் அடித்த காற்றில் இருந்தது. அந்த அங்கிள் வராமல் இருந்திருந்தால் நாங்கள் வீட்டுக்குத் திரும்பியிருப்போம். அவன் மறுபடி மண்பாதைப் பக்கம் போயிருப்பானா என்பது சந்தேகம்.

டயரில் இருக்கும் எண் எதற்கு?

டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருப்பது பெரும்பாலும் அந்த டயர் தாங்கக்கூடிய அதிகபட்சக் காற்றழுத்தம். அதைத் தாண்டக் கூடாது என்பதற்கான எச்சரிக்கை அது. அவ்வளவு அடியுங்கள் என்ற பரிந்துரை அன்று. சில டயர்களில் குறைந்தபட்ச அளவும் சேர்த்து அச்சிட்டிருக்கும். அப்படி இருந்தால் இரண்டுக்கும் இடையில்தான் நமக்கான எண்ணைத் தேட வேண்டும். எங்கள் டயரில் அதிகபட்ச அளவு மட்டுமே இருந்தது. அதையே இலக்காக எடுத்துக்கொண்டது என் தவறு.

பிஎஸ்ஐ என்பது ஒரு சதுர அங்குலப் பரப்பில் எத்தனை பவுண்டு அழுத்தம் இருக்கிறது என்பதைக் குறிக்கும் அளவு. சில பம்புகளில் ‘பார்’ என்ற அளவும் இருக்கும். ஒரு பார் ஏறக்குறைய 14.5 பிஎஸ்ஐ.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பையனும் சைக்கிளும் சேர்ந்து சுமார் 42 கிலோ. டயரில் 50 பிஎஸ்ஐ இருக்கும்போது இரண்டு சக்கரங்களும் சேர்ந்து தரையைத் தொடும் பரப்பு தோராயமாக 12 சதுர சென்டிமீட்டர். நாம் பேருந்தில் தட்டும் ஈஸி லிங்க் அட்டையில் கால்வாசிதான் அது. 20 பிஎஸ்ஐக்கு இறக்கினால் அதே பரப்பு 30 சதுர சென்டிமீட்டராகிறது, அதாவது அட்டையில் மூன்றில் இரண்டு பங்கு. ஈர மண்ணிலும் வேரிலும் பிடித்துக்கொள்ள இரண்டரை மடங்கு ரப்பர் கிடைக்கிறது.

காற்று அதிகம் இருந்தால் வேகமாகப் போகலாம் என்ற நினைப்பு பலருக்கு உண்டு. வழவழப்பான தார்ச்சாலையில் அது ஓரளவு உண்மை. கல்லும் வேரும் நிறைந்த பாதையில் கதை வேறு. கெட்டியான டயர் ஒவ்வொரு மேட்டிலும் சைக்கிளையும் ஆளையும் சேர்த்து மேலே தூக்கிப் போடுகிறது. முன்னே செல்ல வேண்டிய சக்தி துள்ளுவதில் வீணாகிறது. கைகளும் முதுகும் சீக்கிரம் களைத்துப் போகின்றன. கொஞ்சம் இளகிய டயர் மேட்டைத் தனக்குள் வாங்கிக்கொண்டு உருள்கிறது.

காற்றடைத்த டயர் சைக்கிளுக்கு வந்ததே இதற்காகத்தான். பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப், கெட்டி ரப்பர்ச் சக்கரங்களில் குலுங்கிக் குலுங்கிப் போன தம் மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்காக அதைச் செய்தார். 1888ல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். அதற்கு 11 ஆண்டுகளுக்கு முன், 1877ல், லண்டனின் கியூ தோட்டத்திலிருந்து 22 ரப்பர் கன்றுகள் நம் சிங்கப்பூர் பூமலைக்கு வந்து சேர்ந்திருந்தன. பின்னாளில் உலகத்தின் டயர்களுக்காக மலாயாத் தோட்டங்களில் பால்மரம் சீவியவர்களில் நம் பாட்டன் பாட்டிகளும் இருந்தார்கள்.

உங்களுக்கான எண்

எல்லாருக்கும் பொருந்தும் ஒரே எண் கிடையாது. ஓட்டுபவரின் எடை, டயரின் அகலம், உள்ளே டியூப் இருக்கிறதா இல்லையா, பாதை எப்படிப்பட்டது ஆகிய நான்கும் சேர்ந்துதான் அதை முடிவு செய்கின்றன. ஆனாலும் எங்கிருந்தாவது தொடங்க வேண்டும் அல்லவா? 2.3 அங்குல அகலமுள்ள டியூப்லெஸ் டயருக்கு இந்த அளவுகளில் தொடங்கலாம்.

எடை 55 கிலோ: முன்சக்கரம் 19, பின்சக்கரம் 22 பிஎஸ்ஐ.
எடை 70 கிலோ: முன்சக்கரம் 22, பின்சக்கரம் 25 பிஎஸ்ஐ.
எடை 85 கிலோ: முன்சக்கரம் 25, பின்சக்கரம் 28 பிஎஸ்ஐ.

உள்ளே டியூப் இருந்தால் ஒவ்வொன்றுடனும் நான்கைக் கூட்டிக்கொள்ளுங்கள். டயர் இதைவிட ஒல்லியாக இருந்தால் இன்னும் கொஞ்சம் கூட்ட வேண்டும், தடிமனாக இருந்தால் குறைக்கலாம். சிறுவர்களின் எடை குறைவு என்பதால் அவர்களுக்கு 20 பிஎஸ்ஐயை ஒட்டிய அளவே பெரும்பாலும் போதும். ஆனால், பெரியவர்களின் சைக்கிளுக்கு அடிக்கும் அதே அளவைத்தான் நம்மில் பலர் பிள்ளைகளின் சைக்கிளுக்கும் அடித்துவிடுகிறோம்.

முன்சக்கரத்தில் ஏன் குறைவு? சைக்கிளில் உட்கார்ந்திருக்கும்போது எடையில் பாதிக்கு மேல் பின்சக்கரத்தின்மீதுதான் விழுகிறது. திருப்புவதும் வழுக்காமல் பிடித்துக்கொள்வதும் முன்சக்கரத்தின் வேலை. பின்சக்கரம் வழுக்கினால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம். முன்சக்கரம் வழுக்கினால் சமாளிக்க நேரமே இருக்காது.

குறைத்துக்கொண்டே போகலாமா?

கூடாது. காற்று மிகவும் குறைந்தால் வேறு தொல்லைகள் வரும். வளைவில் திரும்பும்போது டயர் பக்கவாட்டில் நெளிந்து, சைக்கிள் தள்ளாடுவதுபோல் இருக்கும். கல்லில் இடிக்கும்போது டியூப், கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவே நசுங்கி, அருகருகே இரண்டு ஓட்டைகள் விழும். பார்ப்பதற்குப் பாம்பு கடித்த தடம்போல் இருப்பதால் ஓட்டுபவர்கள் அதைப் ‘பாம்புக்கடி’ என்றே சொல்கிறார்கள். டியூப்லெஸ் டயரில் இந்தத் தொல்லை இல்லை, அதனால்தான் அதில் இன்னும் குறைவான காற்றோடு ஓட்ட முடிகிறது. ஆனால், அளவுக்கு மீறிக் குறைத்தால் டயரின் ஓரம் ரிம்மை விட்டு ஒரு நொடி விலகிக் காற்றைக் கக்கிவிடும். ரிம்மும் அடிவாங்கி நெளியலாம்.

இதைக் காதாலேயே கண்டுபிடிக்கலாம். மேட்டில் ஏறி இறங்கும்போது அடியிலிருந்து ‘டங்’ என்று உலோகச் சத்தம் கேட்டால், ரிம் தரையைத் தொட்டுவிட்டது என்று பொருள். பாதை முழுவதிலும் ஒருமுறை எப்போதாவது கேட்டால் பெரிய கவலை வேண்டாம். அடிக்கடி கேட்டால் இரண்டு பிஎஸ்ஐ கூட்டுங்கள்.

தேடிக் கண்டுபிடிக்கும் முறை

முதலில், குறைந்த அழுத்தத்தைச் சரியாகக் காட்டும் சிறிய அளவுமானி ஒன்று தேவை. வீட்டுப் பம்பில் 120 அல்லது 160 வரை எண்கள் இருக்கும். அதில் 20க்கும் 24க்கும் இடையில் முள் நகர்வதே கண்ணுக்குத் தெரியாது. மண்பாதையில் அந்த நான்கு பிஎஸ்ஐதான் பெரிய வித்தியாசம். இரண்டு கருவிகள் இரண்டு விதமாகக் காட்டுவதும் உண்டு, அதனால் எப்போதும் ஒரே கருவியைப் பயன்படுத்துங்கள்.

வாங்கப் போகும்போது உங்கள் வால்வு எந்த வகை என்று பார்த்துக்கொள்ளுங்கள். கார் டயரில் இருப்பதுபோல் தடித்திருந்தால் அது ஷ்ரேடர். ஒல்லியாக, நுனியில் சிறு திருகோடு இருந்தால் பிரெஸ்டா. சில கருவிகள் இரண்டில் ஒன்றுக்கு மட்டுமே பொருந்தும்.

பிறகு, ஐந்து நிமிடத்தில் ஓட்டி முடிக்கக்கூடிய ஒரு சிறிய துண்டுப் பாதையைத் தேர்ந்தெடுங்கள். அதில் சில வேர்களும் ஒரு வளைவும் இருக்கட்டும். மேலே சொன்ன அளவோடு ஒருமுறை ஓட்டுங்கள். இரண்டு பிஎஸ்ஐ குறைத்து அதே துண்டை மறுபடி ஓட்டுங்கள். டயர் நெளிவதுபோல் தோன்றும்வரை அல்லது ‘டங்’ சத்தம் கேட்கும்வரை இப்படியே குறைத்து, பிறகு இரண்டு கூட்டுங்கள். ஏறக்குறைய அதுதான் உங்கள் எண். கைப்பேசியிலோ நோட்டிலோ தேதி, பாதை, மழையா வெயிலா என்பதோடு குறித்து வையுங்கள்.

நம் ஊர்ப் பாதைகள்

செஸ்ட்நட்டில் நடப்பவர்களுக்கும் சைக்கிளோட்டிகளுக்கும் தனித்தனிப் பாதைகள் உண்டு. அதனால் யார்மீதும் மோதிவிடுவோமோ என்ற பயமில்லாமல் புதியவர்கள் பழகலாம். வேர்களும் கற்களும் நிறைந்த புக்கிட் தீமா மலைச் சைக்கிள் பாதையில், மழை விட்ட மறுநாள் ஓரிரு பிஎஸ்ஐ குறைப்பது நல்லது. புலாவ் உபினில் பழைய கல்லுடைப்புக் குழியைச் சுற்றி அமைந்திருக்கும் கேத்தாம் மலைச் சைக்கிள் பூங்காவில் கரடுமுரடான கற்களும் செங்குத்தான இறக்கங்களும் உண்டு. அங்கு டியூப்போடு ஓட்டுபவர்கள் ஒன்றிரண்டு கூட்டிக்கொள்ளலாம். படகுத்துறை அருகே சைக்கிளை வாடகைக்கு எடுப்பவர்களும் புறப்படும் முன் இரண்டு டயர்களையும் அழுத்திப் பார்த்துவிடுங்கள். கல் மாதிரி இருந்தால் கடைக்காரரிடம் சொல்லிக் குறைக்கலாம்.

வீட்டிலிருந்தே பூங்கா இணைப்புப் பாதை வழியாக ஓட்டிப் போகிறீர்களா? அதுவரை காற்று சற்று அதிகமாகவே இருக்கட்டும். மண்பாதை தொடங்கும் இடத்தில் குறைத்து, திரும்பும்போது கைப்பம்பால் மறுபடி ஏற்றிக்கொள்ளலாம்.

நம் வெயிலையும் மறக்க வேண்டாம். வெப்பம் பத்து டிகிரி கூடினால் இந்த அளவுள்ள டயரில் ஒரு பிஎஸ்ஐக்குச் சற்று அதிகமாக ஏறும். வெயிலில் நிறுத்திய காரிலிருந்து சைக்கிளை எடுத்தவுடன் அளக்காமல், நிழலில் சற்று நேரம் வைத்திருந்து அளந்தால் கணக்குச் சரியாக வரும். டியூப்லெஸ் டயருக்குள் ஊற்றும் சீலன்ட் திரவமும் இந்தச் சூட்டில் சீக்கிரம் காய்ந்துவிடும். இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை திறந்து பார்ப்பது நல்லது.

காற்றைச் சரிசெய்துவிட்டால் விழவே மாட்டோம் என்பதில்லை. தலைக்கவசம், நல்ல பிரேக், தேயாத டயர் ஆகியவற்றின் இடத்தைக் காற்று நிரப்பாது. ஆனால், செலவே இல்லாமல் ஒரு நிமிடத்தில் செய்யக்கூடிய மாற்றங்களில் இவ்வளவு பலன் தருவது வேறு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

இப்போது எங்களிடம் ஒரு பழைய பள்ளிக்கூட நோட்டு இருக்கிறது. முன் 18, பின் 20, செஸ்ட்நட், ஈரம், விழவில்லை என்று அண்ணன் மகன் தன் கையால் எழுதி வைத்திருக்கிறான். புறப்படும் முன் அளவுமானியைக் கேட்டு வாங்கி அவனே அளக்கிறான். என்னை நம்புவதில்லை. ஒரே ஓர் இறக்கத்தில் மட்டும் இன்னமும் இறங்கிச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் வருகிறான். “அது டயர் பிரச்சினை இல்ல அத்தை, எனக்குப் பயம்” என்கிறான். எது எதனால் என்று இப்போது அவனுக்குத் தெரிகிறது.