அயல் உலகங்களுக்கு ஒரு தூதர்

விண்வெளிக் கதை என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுவது யாது? ராக்கெட்டு ஒன்று சீறிப் பாயும். பச்சை நிற அரக்கர்கள் எதிர்ப்படுவர். பூமியிலிருந்து சென்ற வீரன் அவர்களை வீழ்த்தித் தன் கொடியை நாட்டுவான். சிறுவர்கள் இவற்றை விரும்பிப் படிப்பார்கள். பெரியவர்கள் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடுவார்கள். அயல் உலகுக்குச் செல்பவன் அங்குள்ளோரிடம் பாடம் கேட்கும் மாணவனாகச் சென்றால் என்னவாகும் என்று எண்ணிப் பார்த்தார் உர்சுலா லெ குவின் என்னும் அமெரிக்க ஆசிரியை. பிறந்த மண்ணை விட்டுப் பிறமொழியாளரிடையே குடும்பம் நடத்தும் நமக்கு அவருடைய நாவல்கள் தனிச் சுவை தருவன.

அம்மையார் 1929-ஆம் ஆண்டு கலிபோர்னியா மாநிலத்துப் பெர்க்லி நகரில் பிறந்தார். தந்தை ஆல்பிரட் க்ரோபர் அமெரிக்கப் பூர்வகுடிகளின் மொழிகளையும் வழக்கங்களையும் ஆராய்ந்த மானிடவியல் அறிஞர். யாஹி என்னும் குடியினர், வெள்ளையர் குடியேற்றத்தால் ஏறக்குறைய முற்றிலும் அழிந்துபோன பின், அவர்களுள் எஞ்சிய ஒரே மனிதர் 1911-இல் ஓரோவில் என்னும் ஊரருகே தனியராய் வந்து சேர்ந்தார். தம் பெயரைத் தாமே சொல்வது அவர்கள் மரபன்று. ஆகவே அவர் மொழியில் 'மனிதன்' என்று பொருள்படும் 'இஷி' என்னும் சொல்லே அவருக்குப் பெயராயிற்று. க்ரோபரின் நட்பைப் பெற்று, சான் பிரான்சிஸ்கோ அருங்காட்சியகத்தில் வாழ்ந்த அவர், 1916-இல் காசநோயால் மறைந்தார். அவர் வரலாற்றை அம்மையாரின் தாய் தியடோரா 1961-இல் நூலாக வெளியிட்டார். ஓர் உலகம் முழுவதும் அழிந்து ஒருவர் மட்டும் எஞ்சுவது வெறுங் கற்பனையன்று என்பதை அவ்வீட்டார் அறிந்திருந்தனர்.

'இருளின் இடக்கை' என்று பொருள்படும் தலைப்புடைய 'தி லெப்ட் ஹாண்ட் ஆப் டார்க்னஸ்' நாவல் 1969-இல் வெளிவந்தது. பனி மூடிய கெதென் என்னும் கிரகத்துக்குப் பல உலகங்களின் கூட்டமைப்பிலிருந்து கென்லி ஆய் என்னும் தூதர் வருகிறார். படையின்றித் தனியே வருகிறார். தனி ஒருவனைக் கண்டு யாரும் அஞ்ச வேண்டியதில்லை அல்லவா? அக்கிரகத்து மக்கள் நிலையாக ஆணும் அல்லர், பெண்ணும் அல்லர். திங்களில் சில நாட்கள் மட்டும் அவர்களில் ஒருவர் ஆணாகவோ பெண்ணாகவோ மாறுவார். ஒருவரே ஒரு குழந்தைக்குத் தாயாகவும் மற்றொன்றுக்குத் தந்தையாகவும் இருத்தல் கூடும். நாடாளும் மன்னரே கருவுறுகிறார்! இதனைத் தூதரின் மனம் எளிதில் ஏற்கவில்லை. எதிர்ப்படும் ஒவ்வொருவரையும் ஆணென்றோ பெண்ணென்றோ வகுக்க முயன்று தடுமாறுகிறார். தம்மை முழுதும் நம்பிய எஸ்ட்ராவென் என்னும் அமைச்சரையே ஐயுறுகிறார். இருவரும் பனிப்பாலைவனத்தில் ஒரே சறுக்குவண்டியை இழுத்து, ஒரே கூடாரத்தில் உண்டு உறங்கிக் கடந்த பின்னரே அவர் கண் திறக்கிறது.

இம்மக்களைச் சுட்ட ஆங்கிலத்தில் ஆண்பாற் சொல்லையே ஆசிரியை கையாண்டார். அது குறையென்று பலர் கூறினர். 1976-இல் ஒரு கட்டுரையில் தம் முடிவுக்குக் காரணம் காட்டிய அவர், பின்னர் 1987-இல் அக்கட்டுரையையே திருத்தித் தம் கருத்து மாறியதை வெளிப்படையாக எழுதினார். நம் 'அவர்' என்னும் சொல்லில் இச்சிக்கல் எழுவதில்லை. எஸ்ட்ராவென் வந்தார், சென்றார் என்று நாம் இடர்ப்பாடின்றிச் சொல்லிவிடலாம்.

அயலாரிடம் கற்க மறுத்தால் நேர்வது என்ன? வியட்நாம் போர்க்காலத்து வேதனையோடு எழுதி 1972-இல் வெளியிட்ட 'தி வேர்ட் பார் வேர்ல்ட் இஸ் பாரஸ்ட்' என்னும் கதை இதற்கு விடை. ஆத்ஷி என்னும் கிரகத்தாருக்கு உலகுக்கும் காட்டுக்கும் ஒரே சொல். மரமற்றுப்போன பூமியிலிருந்து வந்தவர்களோ அக்காட்டை வெட்டி ஏற்றுமதி செய்கின்றனர். பச்சை மயிர் போர்த்த அச்சிறு மக்களை அடிமைகளாக்குகின்றனர். கொலையையே அறியாதிருந்த அவர்கள் இறுதியில் கிளர்ந்தெழுந்து வெல்கின்றனர். எனினும் கொல்லக் கற்றதை அவர்களால் மறக்க இயலவில்லை. பச்சை நிற அரக்கன் யார் என்னும் வினா இங்கே தலைகீழாகிவிடுகிறது.

1974-இல் வந்த 'தி டிஸ்பொசஸ்டு' ஒரு சுவரோடு தொடங்குகிறது. அனரெஸ் என்னும் வறண்ட கோளில் தனிச்சொத்தும் அரசும் இல்லை. அவர்கள் மொழியில் 'என்னுடையது' என்று பேசுவதே அரிது. தன் கைக்குட்டையைத் தரும் குழந்தையும், தான் பயன்படுத்துவதைப் பகிர்ந்துகொள்ளலாம் என்றே சொல்கிறது. அங்குள்ள விண்கல நிலையத்தைச் சுற்றியே அச்சுவர் நிற்கிறது. அது அடைத்து வைத்திருப்பது நிலையத்தையா, அன்றிக் கோள் முழுவதையுமா? ஷெவெக் என்னும் விஞ்ஞானி அதைக் கடந்து, செல்வம் கொழிக்கும் உரஸ் உலகுக்குச் செல்கிறார். அவருடைய கண்டுபிடிப்பைத் தமதாக்கிக்கொள்ள அங்குள்ள அரசு முனைகிறது. அவரோ எல்லா உலகங்களுக்கும் அதைப் பொதுவாக்கிவிடுகிறார். ஆனால் சொந்த ஊரிலும் அவருக்கு முழு விடுதலை இல்லை. சட்டம் இல்லாத அவ்விடத்தில் அக்கம்பக்கத்தார் என்ன சொல்வரோ என்னும் அச்சமே சட்டமாக நிற்கிறது.

1969, 1974 ஆகிய ஆண்டுகளின் இவ்விரு நாவல்களும் ஹியூகோ, நெபுலா என்னும் இரு பரிசுகளையும் பெற்றன. அம்மையார் 2018-இல் போர்ட்லண்டு நகரில் காலமானார்.

நம் மொழியைப் பேணவே சங்கம் அமைத்தோம், அது தக்கதே. ஆயினும் அண்டை வீட்டார் உண்பதையும் உடுப்பதையும் கண்டு 'விசித்திர மனிதர்கள்' என்று நம் வீட்டினுள் பேசிக்கொள்வதும் உண்டு. அவர்கள் வீட்டில் நம்மைக் குறித்து அதே சொல் புழங்காது என்று கூற முடியுமா? அவர்களோடு விளையாடும் நம் குழந்தைகள், பெரியோர்க்குத் தெரியாத தூதர்களாக அன்றாடம் அவ்வாயிலைத் தாண்டி வருகின்றனர். வளர்ந்த பிள்ளைகள் உள்ள இல்லங்களில் இந்நூல்களைப் பெற்றோரும் சேர்ந்தே படிக்கலாம். படித்து முடித்ததும் நம் சங்கத்து மதிற்சுவரை ஒருமுறை நோக்குவோம்: அது யாரை வெளியே நிறுத்துகிறது? யாரை உள்ளே அடைக்கிறது?