காலையில் கிளம்பும் கார்

அமெரிக்காவில் கிடங்கு வேலை, முதியோரைக் கவனிக்கும் வேலை போன்றவற்றுக்கான விளம்பரங்களில் ஒரு வரி அடிக்கடி கண்ணில் படும்: 'நம்பகமான போக்குவரத்து வசதி உள்ளவராக இருக்க வேண்டும்.' சம்பளம் மணிக்கணக்கில்தான். ஆனால் சொந்த கார் இல்லாதவருக்கு அந்த வேலை கிட்டத்தட்ட எட்டாக்கனி.

காரணம், ஊர்கள் வளர்ந்த விதம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் வீடுகளும் ஆலைகளும் கடைகளும் நெடுஞ்சாலைகளைப் பிடித்துக்கொண்டு புறநகருக்குப் போய்விட்டன. பேருந்து அந்த வேகத்தில் பின்தொடரவில்லை. பல ஊர்களில் மணிக்கு ஒன்று வந்தாலே பெரிது. இரவுப் பணி முடிந்து வருகிறவருக்கு அதுவும் கிடையாது. கார் இல்லாததன் பாதிப்பு வேலையோடு நிற்பதில்லை. 2005-இல் கத்ரீனா புயல் நெருங்கியபோது, நியூ ஆர்லியன்ஸில் கார் இல்லாத ஏழைகள் பலர் நகரை விட்டு வெளியேற வழியின்றிச் சிக்கிக்கொண்டார்கள்.

1994-இல் மத்திய அரசு ஐந்து பெருநகரங்களில் ஒரு சோதனைத் திட்டம் தொடங்கியது. வறுமை மண்டிய குடியிருப்புகளில் இருந்தவர்களுக்கு, நல்ல பகுதிகளில் குடியேற வாடகை உதவி தரப்பட்டது. அந்தக் குடும்பங்களின் விவரங்களை ஆராய்ந்து அர்பன் இன்ஸ்டிட்யூட் என்ற ஆய்வு நிறுவனம் 2014-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. கார் இருந்தவர்களுக்கு வேலை கிடைக்கும் வாய்ப்பு இரண்டு மடங்காகவும், கிடைத்த வேலையில் நீடிக்கும் வாய்ப்பு நான்கு மடங்காகவும் இருந்தது. எல்லாம் காரால்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது. கொஞ்சம் தலையெடுத்தவர்களே கார் வாங்கியிருக்கலாம். அப்படியே இருந்தாலும் இந்த வித்தியாசம் ஒதுக்கித் தள்ளக்கூடியதல்ல.

இங்கே முக்கியம், ஓடுகிற கார் என்பது. பதினைந்து வருடப் பழைய காரில் ஒரு காலையில் பேட்டரி இறங்கிவிட்டால் அன்றைய கூலி போச்சு. மாலையில் வழியில் நின்றுவிட்டால் குழந்தைக் காப்பகம் தாமதத்துக்கு நிமிடக் கணக்கில் அபராதம் போடும். இப்படி இரண்டு மூன்று முறை நடந்தால் வேலையே போய்விடும்.

கார் வாங்க, கடன் வரலாறு சரியில்லாதவர்கள் போய்ச் சேருவது, காரையும் விற்றுக் கடனையும் தாங்களே தரும் பழைய கார் வியாபாரிகளிடம். வட்டி பெரும்பாலும் 20 சதவீதத்தைத் தாண்டும். பல கார்களில் ஒரு சிறு கருவியைப் பொருத்தியே விற்கிறார்கள். தவணை தவறினால் வியாபாரி தன் இடத்திலிருந்தே கார் கிளம்பாமல் செய்துவிடுவார். வேலைக்குப் போனால்தான் தவணை கட்ட முடியும். அந்த வழியையே அடைப்பது கொடுமை.

அரசு விதிகளும் நெடுங்காலம் எதிராகவே இருந்தன. 1977-இன் உணவு உதவிச் சட்டம் காரின் மதிப்பில் 4,500 டாலரை மட்டுமே விலக்கியது. மிச்சம் சொத்துக்கணக்கில் சேர்ந்தது. பல ஆண்டுகள் கழித்தும் அந்த வரம்பு 4,650 டாலருக்கு மேல் ஏறவில்லை. ஆகவே நல்ல கார் வைத்திருந்தால் உணவு உதவியே கைவிட்டுப் போகக்கூடும். இப்போது பெரும்பாலான மாநிலங்கள் இதைத் தளர்த்திவிட்டன.

செய்யத்தக்கது என்ன என்பதை வெர்மான்ட் மாநிலம் காட்டியிருக்கிறது. பர்லிங்டன் நகரில் 1996-இல் ஹால் கோல்ஸ்டன் தொடங்கிய 'குட் நியூஸ் கராஜ்', நன்கொடையாக வரும் பழைய கார்களைப் பழுதுபார்த்து ஏழைக் குடும்பங்களுக்குத் தருகிறது. மேரிலாந்தில் 1999-இல் தொடங்கிய 'வெஹிக்கிள்ஸ் ஃபார் சேஞ்ச்' அமைப்பும் இதே வழியில் நடக்கிறது. வருகிற கார்கள் எல்லாம் தேறுவதில்லை. தேறாதவற்றை விற்று வரும் பணம் இந்தப் பணிக்கே போகிறது. மற்ற மாநிலங்கள் இதற்கென்று நிதி ஒதுக்கினாலே எத்தனையோ குடும்பங்கள் அந்த வியாபாரிகளிடம் போய் மாட்டாமல் தப்பும்.