கையில் இருக்கட்டும், கல்பில் குடியேற வேண்டாம்

மனிதன் என்றுமே அச்சத்தோடு வாழ்பவன்தான். பசிக்கு அஞ்சித் தானியத்தைச் சேமித்தான். இருளுக்கு அஞ்சி விளக்கை ஏற்றினான். பகைக்கு அஞ்சிக் கோட்டையைக் கட்டினான். நம் காலத்திலோ முன்னோர் அறியாத புதியதோர் அச்சம் அவனைப் பற்றியிருக்கிறது. உள்ளங்கை அகலமுள்ள ஒரு கருவி தன்னைவிட்டுச் சற்று நேரம் பிரிந்துவிட்டால் என்ன செய்வது என்னும் அச்சமே அது.

அன்பார்ந்த வாசகர்களே! இதனை மிகைப்பட்ட கூற்று என எண்ணிவிடாதீர்கள். கைப்பேசியை மறந்துவிட்டுக் கடைத்தெரு வரை வந்தவர், சட்டைப் பையைத் தடவிப் பார்த்துத் திடுக்கிட்டு வீட்டுக்குத் திரும்பி ஓடுவதை நாம் கண்டதில்லையா? மின்சாரம் நின்று, கைப்பேசியில் சார்ஜ் குறையக் குறைய, வீட்டிலுள்ளோரின் முகமும் வாடுவதைப் பார்த்ததில்லையா?

2008ஆம் ஆண்டு பிரிட்டனில் 2,163 பேரிடம் ஓர் ஆய்வு நடைபெற்றது. கைப்பேசி தொலைந்துவிட்டாலோ, அதன் சார்ஜ் தீர்ந்துவிட்டாலோ, தொடர்பு கிடைக்காத இடத்தில் இருக்க நேர்ந்தாலோ தமக்குப் பதற்றம் உண்டாகிறது என்று அவர்களுள் 100க்கு 53 பேர் கூறினர். அந்த ஆய்வையொட்டியே ‘நோமோபோபியா’ என்னும் பெயர் இவ்வச்சத்துக்கு ஏற்பட்டது. 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் இது தனியொரு நோயாகச் சேர்க்கப்படவில்லை. நோய் என்று பெயர் சூட்டப்படாவிட்டாலும் உள்ளத்தை அரிப்பவை பல உண்டு என்பதை நாம் அறிவோம்.

2015இல் அமெரிக்காவின் அயோவா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர் இருவர், இவ்வச்சத்தை அளந்தறிய 20 கூற்றுகள் கொண்ட அளவுகோல் ஒன்றை வகுத்தனர். அவர்கள் கண்ட கவலைகள் நான்கு. பிறரோடு பேச இயலாதே என்பது ஒன்று. தொடர்பு வட்டத்திலிருந்து விடுபட்டுப் போவோமே என்பது மற்றொன்று. வேண்டிய செய்தியை உடனே அறிய முடியாதே என்பது மூன்றாவது. பழகிய வசதியைத் துறக்க நேருமே என்பது நான்காவது. இந்நான்கையும் நம் நெஞ்சோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பார்ப்போமாக.

தேவை வேறு, தளை வேறு

கைப்பேசியே தீங்கு என்று சொல்வது அறியாமை. வளைகுடாவில் உழைக்கும் மகனின் முகத்தை ஊரிலிருக்கும் தாய் அன்றாடம் காண்கிறாள் என்றால், அது இறைவன் அருளிய நிஅமத் அன்றோ? 1970களிலும் 1980களிலும் அயல்நாடு சென்றவர்களின் குடும்பத்தார் கடிதத்துக்காகப் பல நாள் காத்திருந்தனர். எழுதப் படிக்கத் தெரியாத தாய்மார்கள் ஒலிநாடாவில் பேசிப் பதிவுசெய்து, பயணம் போவோரிடம் கொடுத்தனுப்பினர். அந்தத் தவிப்பை அறிந்தவர்கள் இன்றைய வசதியைப் பழிக்கமாட்டார்கள். வங்கிக் கணக்கு முதல் ரயில் பயணச்சீட்டு வரை எல்லாம் இக்கருவியின் வழியாக நடைபெறும் நாளில், அது இல்லையெனில் தொல்லை என்பதும் உண்மையே.

ஆனால் தேவை எது, தளை எது என்று பிரித்தறிய வேண்டும். 2021 அக்டோபர் 4ஆம் நாள் நடந்ததை நினைவிற் கொள்ளுங்கள். நிறுவனத்தின் உள்ளமைப்பில் நேர்ந்த ஒரு தவறான மாற்றத்தால் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் ஆகிய மூன்றும் உலகெங்கும் ஏறத்தாழ ஆறு மணி நேரம் நின்றுபோயின. நம் நாட்டில் அது இரவு ஒன்பது மணிக்குப் பிந்திய நேரம். இவற்றை நம்பி வணிகம் செய்தோருக்கு அன்று உண்மையாகவே இழப்பு நேர்ந்தது. எனினும் வழக்கமான தொலைபேசி அழைப்புகள் அந்நேரத்திலும் இயங்கிக்கொண்டுதான் இருந்தன. உம்மாவின் குரலைக் கேட்க விரும்பியவருக்கு வழி அடைபடவில்லை. அப்படியிருந்தும் தூங்கவும் முடியாமல், கைப்பேசியை அணைத்து அணைத்து ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் எதனை இழந்து தவித்தார்கள்? உறவையா, அல்லது விரலால் திரையைத் தள்ளித் தள்ளிப் பழகிய பழக்கத்தையா? இதற்கு விடை சொல்ல வேண்டியவர் அவரவரே.

விரல் ஏன் ஓய்வதில்லை?

அமெரிக்க உளவியல் அறிஞர் பி. எஃப். ஸ்கின்னர் புறாக்களைக் கூண்டில் வைத்து ஆராய்ந்தார். பலகையைக் கொத்தினால் தீனி விழும். எத்தனையாவது கொத்தலுக்கு விழும் என்று கணிக்க முடியாதபோது புறா ஓயாமல், தளராமல் கொத்திக்கொண்டே இருந்தது. நம் கைப்பேசியும் அத்தகையதே. அடுத்து வருவது நல்ல செய்தியோ, வெற்றுப் பேச்சோ, யாருக்கும் தெரியாது. தெரியாததாலேயே கை அதனை நாடுகிறது. திரைக்கு முடிவே இல்லாதபடி செய்திகள் தொடர்ந்து வந்துகொண்டிருக்கும் முறையை 2006இல் வடிவமைத்தவர்களுள் ஒருவரான ஏசா ராஸ்கின் என்பாரே, பிற்காலத்தில் அதற்காகப் பகிரங்கமாக வருந்தினார்.

இப்பழக்கம் உடலையும் ஏமாற்றிவிடுகிறது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநில மருத்துவமனை ஒன்றின் பணியாளர்களிடையே நடந்த ஆய்வு 2010இல் வெளியாயிற்று. விடையளித்த 169 பேரில் 115 பேர், அழைப்பு ஏதும் வராதபோதும் தம் கருவி அதிர்வதாக உணர்ந்ததுண்டு என்று கூறினர். வராத அழைப்புக்கு உடல் விழித்துக்கொள்கிறது. ஆனால் நாளொன்றுக்கு ஐந்து முறை பள்ளிவாசலிலிருந்து வரும் அழைப்போ காதில் விழுந்தும் உள்ளத்தில் விழாமற் போகிறது. இது நம்மைச் சிந்திக்க வைக்க வேண்டாமா?

நாயகம் திருப்பியனுப்பிய ஆடை

நபிகள் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களின் வாழ்வில் இதற்குத் தெளிவான படிப்பினை உண்டு. அபூ ஜஹ்ம் (ரலி) என்னும் தோழரிடமிருந்து வேலைப்பாடுகள் அமைந்த போர்வையாடை ஒன்று அண்ணலாருக்கு வந்திருந்தது. அதனை அணிந்து தொழுதபோது அதன் வேலைப்பாடுகளில் பார்வை சென்றது. தொழுகை முடிந்ததும், தம் கவனத்தை அது ஈர்த்துவிட்டதாகக் கூறி, அதனை அபூ ஜஹ்மிடமே கொண்டு கொடுக்குமாறு பணித்தார்கள். அத்துடன் அவரிடமுள்ள வேலைப்பாடற்ற முரட்டு ஆடையை வாங்கி வருமாறும் சொன்னார்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்த இச்செய்தி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் இடம்பெற்றுள்ளது.

இதன் நுட்பத்தைக் கவனியுங்கள். அந்த ஆடை விலக்கப்பட்டதன்று. அதில் குற்றமேதும் இல்லை. ஆயினும் உள்ளத்தைத் தொழுகையிலிருந்து ஈர்த்தது என்ற ஒன்றே, அதனை அகற்றப் போதுமான காரணமாயிற்று. ஆகுமானது என்பதால் மட்டுமே ஒன்று நமக்கு நலம் பயப்பதாகிவிடாது. மேலும், கொடுத்தவரின் மனம் நோகாதிருக்கவே அவரிடமிருந்து வேறோர் ஆடையைக் கேட்டுப் பெற்றார்கள் என மார்க்க அறிஞர்கள் விளக்குவர். பொருளை விட்டார்கள், மனிதரை விடவில்லை. நாமோ பொருளைப் பற்றிக்கொண்டு, பக்கத்திலிருக்கும் மனிதரை விட்டுவிடுகிறோம். பேசவந்த மகன் தந்தையின் முகத்தைப் பார்த்து நிற்கிறான். தந்தை திரையைப் பார்த்தபடியே தலையசைக்கிறார். நாளை அந்த மகனும் அவ்வாறே தலையசைப்பான். அப்போது முதுமையில் அமர்ந்து வருந்திப் பயன் என்ன?

இல்லத்தில் செய்யத்தக்கவை

நோயைச் சொல்லி மருந்தைச் சொல்லாதிருத்தல் முறையன்று. முதலாவதாக, சுபுஹுக்கு எழுப்பும் பணியைக் கைப்பேசியிடமிருந்து பறித்து, விலை குறைந்த மணிக்கடிகாரம் ஒன்றிடம் ஒப்படையுங்கள். இரவில் பேசி வேறு அறையில் இருக்கட்டும். கண் விழித்ததும் திரையைத் தேடும் கை, ஒளுவுக்கான தண்ணீரைத் தேடட்டும்.

இரண்டாவதாக, அருகிலுள்ள பள்ளிவாசலுக்குச் செல்லும்போது அதனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் புறப்படுங்கள். ஐவேளைத் தொழுகை இறைவனை நினைவுகூர்வதற்கே கடமையாக்கப்பட்டது. எனினும் உலகப் பொருள்களை நாளுக்கு ஐந்து முறை கீழே வைத்துப் பழகும் பயிற்சியும் அதனுள் அமைந்திருக்கிறது. எடுத்துச் சென்றே ஆக வேண்டுமெனில் வாயிலிலேயே ஒலியை அடக்கிவிடுங்கள். மறதியால் தொழுகையின் நடுவே அது ஒலித்துவிட்டால், தொழுகையை முறிக்காத சிறிய அசைவால் அடக்கிவிடலாம். அணைக்காமல் விட்டு ஜமாஅத் முழுவதையும் இடருக்குள்ளாக்க வேண்டியதில்லை.

மூன்றாவதாக, உணவு விரிப்பில் அதற்கு இடமளிக்காதீர்கள். ஒரே ஸஹனைச் சுற்றி அமர்ந்து உண்ட சமுதாயம் நாம். அந்த அரைமணி நேரமாவது முகங்கள் ஒன்றையொன்று பார்க்கட்டும். குழந்தை அழும்போதெல்லாம் திரையைக் காட்டி அடக்காதீர்கள். ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம் என்றும், இரண்டு முதல் நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மிகாமல் இருக்க வேண்டும் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2019இல் அறிவுறுத்தியுள்ளது.

நான்காவதாக, நெருங்கியவர்களின் எண்களை ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். நான்கைந்தை மனனம் செய்யுங்கள். முப்பது ஜுஸ்வுகளையும் நெஞ்சில் சுமக்கும் ஹாபிழ்கள் நிறைந்த சமுதாயத்தில், வீட்டாரின் எண்ணைக்கூடக் கருவியைக் கேட்டே சொல்லும் நிலை நமக்குப் பெருமை தருமா? கருவி தொலைந்தாலும் வழியுண்டு என்னும் உறுதி ஏற்பட்டால் அச்சத்தின் பாதி அன்றே அகன்றுவிடும். இவ்வளவுக்குப் பின்னும் பதற்றம் தணியாமல் உறக்கமும் உணவும் கெடுமாயின், கூச்சமின்றி மருத்துவரை நாடுங்கள். மருந்து தேடுவது தவக்குலுக்கு மாறானதன்று.

காலத்தின் மீது சத்தியமிட்டே ஓர் அத்தியாயத்தைத் தொடங்குகிறான் இறைவன். அந்தக் காலம் நம் விரல் நுனியில் வழுகிப் போகலாகாது. படைத்தவனின் நினைவு தவறினால் அஞ்ச வேண்டிய உள்ளம், பெட்டியளவுகூட இல்லாத ஒரு கருவி தவறியதற்காக நடுங்கலாகாது. உலகப் பொருள்களைக் கையில் வைத்து ஆளவும், கல்பை அவனுக்கென்றே காக்கவும் வல்ல நாயன் நம் அனைவருக்கும் நல்லருள் புரிவானாக! ஆமீன்.