இசைக்குப் பூட்டுப் போட முடியுமா?

சேலத்திலிருந்து ஏற்காடு செல்லும் சாலையில், சேர்வராயன் மலை ஏறுவதற்கு முன்பாக ஒரு பழைய நுழைவு வளைவு நிற்கிறது. டி. ஆர். சுந்தரம் 1930களில் நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸ் படப்பிடிப்பு நிலையத்தில் எஞ்சியிருப்பது அது. ஜி. ராமநாதன் இசையமைத்த ‘மந்திரி குமாரி’ (1950) உள்பட நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை இந்நிலையம் தயாரித்தது. அந்நாளில் படப் பாடலை நினைத்த நேரத்தில் கேட்க விரும்பியவர் இசைத்தட்டு வாங்க வேண்டும். அதை வீட்டில் நகலெடுக்க எவராலும் முடியவில்லை. ஏன்?

தட்டே ஒரு பூட்டு

இசைத்தட்டில் ஒலி அலைகள் நெளிந்த பள்ளங்களாகப் பதிந்திருக்கும். மூலத்தட்டின் மேல் உலோகம் படியச் செய்து எதிர் அச்சு எடுப்பார்கள். சூடாக்கிய அரக்குக் கலவையை அந்த அச்சில் வைத்து, பெரிய எந்திரத்தால் அழுத்தினால் தட்டு உருவாகும். இதற்கு ஒரு தொழிற்சாலையே வேண்டும். ஆகவே சட்டம் காப்பதற்கு முன்பே, தட்டு தன்னைத் தானே காத்துக்கொண்டது.

நாடா பூட்டை உடைத்தது

1963-இல் பிலிப்ஸ் நிறுவனம் கேசட்டை அறிமுகப்படுத்தியது. அதனுள் இருப்பது 4 மில்லிமீட்டருக்கும் குறைந்த அகலமுள்ள பிளாஸ்டிக் நாடா. அதன்மேல் பழுப்பு நிற இரும்பு ஆக்சைடு பூசப்பட்டிருக்கும். சேலத்துக் கஞ்சமலையில் கிடைக்கும் மாக்னடைட் என்னும் காந்தக்கல்லும் இரும்பு ஆக்சைடுதான். நாடாவில் உள்ளது அதற்கு நெருங்கிய உறவு. ஒலிக்கேற்ப மாறும் மின்னோட்டம் இத்துகள்களைக் காந்தமாக்குகிறது. தொழிற்சாலை தேவையில்லை, இரண்டு டேப் ரிக்கார்டர்கள் போதும்!

1980களில் தமிழ்நாட்டு ஊர்களில் ‘ரிக்கார்டிங் சென்டர்’கள் பெருகியதைப் பெரியவர்கள் நினைவுகூர்வார்கள். வெற்றுக் கேசட்டையும் பாட்டுப் பட்டியலையும் கொடுத்தால், சில நாளில் விரும்பிய பாடல்கள் கைக்கு வரும். ஆனால் பாடலை உருவாக்கியவருக்கு அதில் ஒரு காசும் போகாது. 1984-இல் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டு, திருட்டுப் பதிவுக்கு மூன்று ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை என்றாயிற்று.

எனினும் நாடாவிலும் ஓர் இயற்கைத் தடை இருந்தது. ஒவ்வொரு நாடாவும் தன் பங்குக்கு ‘உஸ்’ என்ற இரைச்சலைச் சேர்க்கும். முதல் நகலில் இரைச்சல் ஒரு பங்கு என்றால், அதன் நகலில் இரண்டு பங்கு, அதற்கடுத்ததில் மூன்று பங்கு. நகலின் நகல் கேட்கச் சகிக்காது.

எண்கள் தேய்வதில்லை

1982-இல் விற்பனைக்கு வந்த குறுந்தகட்டில் இந்தத் தடையும் நீங்கியது. ஒலி அலையை விநாடிக்கு 44,100 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 16 இலக்கங்கள் கொண்ட எண்ணாக எழுதுகிறார்கள். இலக்கங்கள் 0, 1 இரண்டே. இடம், வலம் என இரு தடங்களுக்குக் கணக்கிட்டால் விநாடிக்கு 14,11,200 இலக்கங்கள்! எண்ணைப் பார்த்து எண்ணை எழுதினால் பிழை நேராது. நூறாவது நகலும் மூலமும் ஒன்றே. காது கவனிக்காத நுணுக்கங்களை விட்டுவிட்டுக் கோப்பைச் சுமார் பத்தில் ஒரு பங்காகச் சுருக்கும் எம்.பி.3 முறையும் 1990களில் சேர்ந்துகொண்டது. 1999-க்குப் பின் உலக இசை விற்பனை பல ஆண்டுகள் சரிந்தது. நகலெடுப்பதோடு மக்களின் பழக்கம் மாறியதும் இதற்குக் காரணம்.

பூட்டுகளின் கதை

நிறுவனங்கள் செயற்கைப் பூட்டுகளைத் தேடின. கணிப்பொறியைக் குழப்புவதற்காகத் தட்டின் வெளிவிளிம்பில் தவறான தகவலைப் பதித்தார்கள். 2002-இல் அந்த விளிம்பில் பேனா மையைப் பூசியே பலர் அதை வென்றுவிட்டார்கள்! 2005-இல் சோனி பி.எம்.ஜி. வெளியிட்ட சில தட்டுகள், வாங்கியவருக்குத் தெரியாமல் அவர் கணிப்பொறியில் ஒரு நிரலை மறைத்து வைத்தன. தீய நிரல்களும் அந்த மறைவிடத்தைப் பயன்படுத்தத் தொடங்கவே, தட்டுகளைத் திரும்பப் பெற நேர்ந்தது. துன்பம் யாருக்கு? காசு கொடுத்து வாங்கியவருக்குத்தான்.

பூட்டு ஏன் தோற்கிறது? பாட்டு காதில் விழ வேண்டுமானால், ஏதோ ஓர் இடத்தில் பூட்டு திறந்தே ஆக வேண்டும். அதாவது, பூட்டை விற்பவர் சாவியையும் சேர்த்தே தர வேண்டியிருக்கிறது. கேட்க முடிந்ததைப் பதிவு செய்யவும் முடியும்.

2009-இல் ஆப்பிள் நிறுவனம் தான் விற்ற பாடல்களின் பூட்டைக் கழற்றியது. பிறகு, குறைந்த கட்டணத்தில் எந்தப் பாடலையும் இணையத்தில் உடனே கேட்கும் வசதி பரவியது. 2015 முதல் உலக இசை வருவாய் மீண்டும் ஏறியது. திருடுவதைவிட வாங்குவது எளிதானபோது பலர் வாங்கவே செய்தனர்.

ஆனால் அந்தப் பணம் யாரைச் சேர்கிறது என்ற கேள்வி எழுகிறது. 2012-இல் இந்தியப் பதிப்புரிமைச் சட்டத் திருத்தம் செயற்கைப் பூட்டை உடைப்பதைக் குற்றமாக்கியது. அதே திருத்தம், பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தம் ராயல்டிப் பங்கை எழுதிக் கொடுத்து இழந்துவிடாதபடியும் காத்தது. பூட்டைவிட இந்தப் பங்கே கலைஞருக்கு உறுதியான காப்பு அல்லவா?

செய்து பாருங்கள்

அச்சிட்ட ஒரு பக்கத்தை ஜெராக்ஸ் எடுங்கள். அந்த நகலை மீண்டும் நகலெடுங்கள். இப்படி ஐந்து முறை செய்து, கடைசித் தாளை முதல் தாளுடன் ஒப்பிடுங்கள். பின்னர் ஒரு கணிப்பொறிக் கோப்பை அதேபோல் ஐந்து முறை நகலெடுத்துப் பாருங்கள். நாடாவுக்கும் எண்முறைக்கும் உள்ள வேறுபாடு கண்முன்னே தெரியும்.