பெட்டிக்குள் எத்தனை பங்கு சோறு?

பென்டோ என்ற சொல் இப்போது மாத்தளை நகரத்துக் கடைகளிலும் கேட்கிறது. உள்ளே இரண்டு மூன்று தடுப்புகள் வைத்த பிளாஸ்டிக் பெட்டியைக் கடைக்காரர்கள் அந்தப் பெயரால்தான் விற்கிறார்கள். எமது வகுப்பிலும் சிலர் அதைக் கொண்டு வருகிறார்கள. மூடியைத் திறந்தால் பெரிய அறையில் சோறு, பக்கத்து அறையிலும் சோறு, மூலையில் உள்ள சின்ன அறையில் கொஞ்சம் பருப்பு, அதன்மேல் பொரித்த சோசேஜ் ஒன்று. யப்பானிலிருந்து பெட்டி வந்து சேர்ந்துவிட்டது. அதில் சோறு கட்டும் கணக்கு இன்னும் வரவில்லை. அந்தக் கணக்கைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

யப்பானியரும் எம்மைப் போலச் சோறு உண்பவர்கள். சமைத்த சோற்றை உலர்த்திப் பயணத்துக்குக் கொண்டு செல்லும் வழக்கம் அவர்களிடம் மிகப் பழையது. 1603 முதல் 1868 வரையான எடோ காலத்தில் நாடக அரங்குகளில் ‘மகுனொஉச்சி’ என்ற பெட்டிச் சாப்பாடு பிரபலமானது. ஒரு காட்சி முடிந்து அடுத்த காட்சி தொடங்கும் இடைவேளையில் உண்பது என்று அப்பெயருக்குப் பொருள் சொல்வார்கள். 1885ஆம் ஆண்டு உட்சுனோமியா ரயில் நிலையத்தில் விற்கப்பட்டதுதான் முதலாவது ரயில் நிலையப் பென்டோ என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. அது ஒன்றும் ஆடம்பரமானதல்ல. மூங்கில் மடலில் சுற்றிய இரண்டு சோற்று உருண்டைகளும் ஊறுகாயும்தான். எமது உம்மும்மாமார் வாழை இலையை நெருப்பில் வாட்டிச் சோறு கட்டியதற்கும் இதற்கும் பெரிய தூரம் இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். யப்பானியரின் பெட்டியும் எப்போதும் வண்ணமயமாக இருந்ததில்லை. பெட்டி நிறைய வெள்ளைச் சோறு, நடுவில் ஒரேயொரு சிவப்பு ஊறுகாய்ப் பழம். பார்ப்பதற்கு அவர்களது கொடி போல இருப்பதால் அதற்கு ‘ஹினோமாரு பென்டோ’ என்று பெயர். இரண்டாம் உலக யுத்த காலத்துத் தட்டுப்பாட்டோடு சேர்த்து நினைவுகூரப்படும் சாப்பாடு அது. எமது வகுப்பறையில் திறக்கப்படும் பெட்டிகளில் பாதி இன்னும் ஹினோமாருதான். பழத்துக்குப் பதிலாகக் கட்டைச்சம்பல், அவ்வளவுதான் வித்தியாசம்.

பின்னாளில் யப்பானியப் போசாக்கியலாளர்கள் பொதுமக்களுக்குக் கற்பிப்பதற்காக ‘மூன்று, ஒன்று, இரண்டு’ என்றொரு முறையை வகுத்தார்கள். பெட்டியின் கொள்ளளவை ஆறு பங்காக நினைத்துக்கொள்ளுங்கள். மூன்று பங்கு சோறு. ஒரு பங்கு மீன், இறைச்சி, முட்டை அல்லது அவரையினத் தானியம். இரண்டு பங்கு மரக்கறியும் கீரையும். இவற்றை அசையாதபடி நெருக்கமாக அடுக்க வேண்டும். எண்ணெய் அதிகம் சேர்ந்த கறி ஒன்றுக்கு மேல் இருக்கக் கூடாது. இப்படிக் கட்டினால் பெட்டியின் மில்லிலீற்றர் எவ்வளவோ, உணவின் கிலோகலோரியும் ஏறத்தாழ அவ்வளவாக இருக்கும். 600 மில்லிலீற்றர் பெட்டி என்றால் கிட்டத்தட்ட 600 கிலோகலோரி. தராசும் வேண்டாம், அட்டவணையும் வேண்டாம், பெட்டியே அளவுகோல். உயிரியல் பிரிவில் படிக்கும் எனக்கு இந்த இடம்தான் மிகவும் பிடித்தது.

வீட்டில் உள்ள பெட்டி எத்தனை மில்லிலீற்றர் என்று அறிவது இலகு. 500 மில்லிலீற்றர் தண்ணீர்ப் போத்தலால் ஊற்றிப் பார்த்தால் போதும். எனது பழைய சில்வர் பெட்டி 1,100 மில்லிலீற்றர் கொண்டது. நாள் முழுவதற்கும் தேவையான சக்தியில் பாதியை அந்த ஒரு பெட்டியே தரும், அதுவும் பெரும்பாலும் சோறாக. நானாவின் பெட்டி இன்னும் பெரியது. அவர் அதை அளக்க விடவில்லை. ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு வளர்ந்த பெண்ணொருவருக்கு 600 அளவில் போதும். எமது வயதில் 700 வரை இருக்கலாம். விளையாட்டு அணியில் இருப்பவர்களுக்கு அதற்கும் மேலே.

பெட்டியை மாற்ற விரும்பாதவர்கள் யோகட் கோப்பையால் அளக்கலாம். மூன்று கோப்பை சோறு, ஒரு கோப்பை மீனோ முட்டையோ கடலையோ, இரண்டு கோப்பை மரக்கறி. கோப்பை சிறிதானால் சற்றுக் குவித்து அளந்துகொள்ளுங்கள். எந்தக் கோப்பையானாலும் விகிதம் மாறாது.

ஆனால் எமது கறிகளை யப்பானியக் கணக்குக்குள் வைக்கும்போது சில இடங்களில் கவனம் வேண்டும். உருளைக்கிழங்குப் பிரட்டலைப் பலர் மரக்கறி என்று எண்ணுகிறார்கள். அது மாப்பொருள், சோற்றின் பங்கிலேயே சேரும். பலாக்காயிலும் இரண்டு கணக்கு உண்டு. முற்றிய பலாச்சுளையை அவித்தால் அது சோற்றுக்குச் சமம். பிஞ்சான பொலொஸ் மரக்கறிப் பக்கம் வரும். தண்ணீராக ஓடும் பருப்பு ஆணத்தைப் புரதப் பங்காக எடுக்க முடியாது, கெட்டியாக அவித்திருக்க வேண்டும். தேங்காய்ப்பால் ஆணமும் பொரியலும் ஒரே பெட்டியில் வந்தால் மில்லிலீற்றர் கணக்கு பிழைத்துவிடும். யப்பானியச் சமையல் குறிப்பை அப்படியே பார்த்துச் செய்ய விரும்புவோர் ‘மிரின்’ என்ற பொருளைக் கவனியுங்கள். அது அரிசியிலிருந்து செய்யும் இனிப்பு மதுவகை, எமக்கு ஆகாது. பெட்டியின் கணக்கை எடுத்துக்கொண்டு கறியை எமது அடுப்பிலேயே சமைப்பது நல்லது.

அளவு என்ற சொல்லைக் கேட்டவுடன் எமது தோழியர் பலருக்கு ‘குறைத்தல்’ என்றுதான் விளங்குகிறது. இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியதும் அதுதான். மெலிய வேண்டும் என்று காலையில் ஒன்றும் உண்ணாமல் பஸ் ஏறுகிறார்கள். பெட்டியில் நான்கு துண்டு வெள்ளரிக்காயும் ஓர் அப்பிளும். காலைக் கூட்டத்தில் தலை சுற்றிச் சாய்பவர்களைத் தாங்கிப் பிடிக்க நாங்கள் வரிசையில் பழகிவிட்டோம். பதினொரு மணிக்குப் பசி தாங்காமல் ரோல்ஸும் குளிர்பானமும் வாங்குகிறார்கள். குளிர்பானப் போத்தலில் 2016 ஓகஸ்ட் முதல் நிறக் குறியீடு இருக்கிறது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு. காலையில் சோற்றைத் தவிர்த்தவர் பகலில் சிவப்புப் போத்தலைக் குடித்து முடிக்கிறார். மூன்று, ஒன்று, இரண்டு என்பதில் சோறுதான் இன்னமும் பெரிய பங்கு என்பதைக் கவனியுங்கள். சோற்றை விரட்டச் சொல்லும் முறையல்ல இது. குறையக் கூடாத ஒரு பங்கையும் இரண்டு பங்கையும் காத்துக்கொள்ளும் முறை.

அந்த ஒரு பங்கும் இரண்டு பங்கும் பெண் பிள்ளைகளுக்கு ஏன் இவ்வளவு முக்கியம்? மாதந்தோறும் இரத்தம் இழக்கும் எமக்கு ஆண் பிள்ளைகளை விடக் கூடுதலான இரும்புச்சத்து வேண்டும். குருதியில் ஹீமோகுளோபின் குறைந்தால் களைப்பு, தலைச்சுற்று, படித்தது மனதில் நிற்காமை எல்லாம் வரும். உயர்தரப் பரீட்சைக்குப் படிப்பவருக்கு இது சின்ன விடயமல்ல. பாடசாலைகளில் வாராந்தம் இரும்புச்சத்து மாத்திரை கொடுப்பதும் இதற்காகத்தான். (அதை வாயில் போடுவதுபோலக் காட்டிப் பையில் போடுபவர்களை எனக்குத் தெரியும்.) மீனிலும் இறைச்சியிலும் உள்ள இரும்பை உடல் இலகுவாக எடுத்துக்கொள்ளும். கீரையிலும் பருப்பிலும் உள்ளதை எடுக்க விற்றமின் சீயின் உதவி வேண்டும். ஆகவே வல்லாரை மல்லுங்கின் மேல் தேசிக்காய் பிழிவது வாய் ருசிக்கு மட்டுமல்ல. பெட்டியில் ஒரு துண்டு கொய்யாவோ பப்பாசியோ இருந்தாலும் அதே வேலை நடக்கும். தேத்தண்ணி இதற்கு எதிரி. சாப்பாட்டோடு குடித்தால் இரும்பு உறிஞ்சப்படுவதைத் தடுக்கும். ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள்.

“மீனும் முட்டையும் விற்கிற விலைக்கு?” என்று பெற்றோர் கேட்பது நியாயம். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதமாக உயர்ந்தது. ஒரு வருடத்துக்கு முன் 100 ரூபாவுக்கு வாங்கிய உணவுக்கு ஏறத்தாழ 195 ரூபா கொடுத்த காலம் அது. அப்போது பல வீடுகளில் பெட்டியிலிருந்து முதலில் காணாமற்போனது அந்த ஒரு பங்குதான். அந்த இடத்தைச் சோறு நிரப்பியது. பிறகு பணவீக்கம் இறங்கினாலும் பெட்டியில் சோறு பிடித்த இடம் பல வீடுகளில் அப்படியே இருக்கிறது. இறைச்சி வாங்க முடியாத நாளில் அந்தப் பங்கை நெத்தலிக் கருவாடு, கௌபி, கடலை, பாசிப்பயறு, சோயா மீட் ஆகியவற்றால் நிரப்பலாம். முள்ளோடு மெல்லும் நெத்தலியில் கல்சியமும் உண்டு. உப்பைக் குறைக்கச் சுடுதண்ணீரில் ஊறவைத்துக் கழுவ வேண்டும்.

மரக்கறியைப் பொறுத்தவரை நாங்கள் சாட்டுச் சொல்ல முடியாத மாவட்டத்தில் இருக்கிறோம். நாட்டின் பெரிய மரக்கறிச் சந்தையான தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையம் எமது மாவட்டத்தில்தான் உள்ளது. அங்கு ஏற்றிய லொறிகள் ஏ9 வீதியால் மாத்தளையைத் தாண்டிக் கண்டிக்குப் போகின்றன. போஞ்சியும் கரட்டும் பூசணியும் எமது பஸ்ஸை முந்திக்கொண்டு போக, எமது பெட்டிக்குள் இரண்டு பங்கு மரக்கறி இல்லை. கீரையோ பணம் கொடுக்காமலே வேலியோரத்தில் கிடைக்கும்; பொன்னாங்காணியும் வல்லாரையும் இல்லாத தோட்டம் எமது ஊர்ப்பக்கம் குறைவு.

எமது சமூகத்தில் அளவு பார்த்து உண்பதற்கு இன்னொரு தடையும் இருக்கிறது. கலியாண வீட்டில் ஆறு பேர் ஒரே சஹனைச் சுற்றி அமர்ந்து சாப்பிடுகிறோம். அது எமது அழகான வழக்கம், அதை யாரும் மாற்ற வேண்டியதில்லை. ஆனால் தான் எவ்வளவு சாப்பிட்டோம் என்று சஹனில் எவருக்கும் தெரியாது. “இன்னும் கொஞ்சம் போடுங்க” என்பதே அங்கு மரியாதை. அந்தக் கை பழகிப்போய், பிள்ளையின் பெட்டிக்குச் சோறு போடும்போதும் ஒரு அகப்பை கூடப் போடுகிறது. பாசத்தை அகப்பையால் அளப்பதை விட முட்டை ஒன்றால் அளந்தால் பிள்ளைக்கு நல்லது என்று உம்மாவிடம் சொன்னேன். உம்மா சிரித்துவிட்டு இரண்டையும் போட்டார்.

கெட்டுப்போதலும் ஒரு பெரிய விடயம். அதிகாலை ஐந்தரைக்குக் கட்டும் சோற்றை நாங்கள் பத்தரைக்கு உண்கிறோம். தனியார் வகுப்புள்ள நாளில் இரண்டு மணியாகும். 5 பாகை செல்சியசுக்கும் 60 பாகைக்கும் இடையில் பற்றீரியா வேகமாகப் பெருகும். சோற்றில் வளரும் ‘பசிலஸ் சீரியஸ்’ என்ற பற்றீரியாவின் வித்திகள் கொதியிலும் சாவதில்லை. கொதிக்கக் கொதிக்கச் சோற்றைப் போட்டு மூடியை இறுக்கினால் ஆவி தண்ணீராகி உள்ளேயே விழும், பெட்டி நெடுநேரம் இளஞ்சூட்டில் கிடக்கும். யப்பானியர் சோற்றைப் பெட்டியில் பரப்பி ஆறவிட்ட பிறகே மூடுகிறார்கள். கறிகளையும் தண்ணீர் வற்றச் சமைக்கிறார்கள். நாங்களும் தேங்காய்ப்பால் ஆணத்தையும் தேங்காய்ச் சம்பலையும் வீட்டுச் சாப்பாட்டுக்கு வைத்துக்கொண்டு, பெட்டிக்குத் தாளிதமும் பிரட்டலும் கட்டலாம். மல்லுங் இடைவேளைக்குச் சரி. இரண்டு மணிக்கென்றால் தேங்காய்ப்பூ சேர்க்காமல் வதக்கிய போஞ்சியோ கரட்டோதான் தாங்கும்.

தடுப்புள்ள பெட்டி வாங்கித்தான் ஆக வேண்டுமா என்றால், இல்லை. யப்பானியக் கடைப் பென்டோவில் கறிகளுக்கு நடுவே புல் போன்ற பச்சைப் பிளாஸ்டிக் துண்டு ஒன்று இருக்கும். அது முன்னர் அவர்கள் உண்மையான இலையை வைத்ததன் போலி. எமக்கு உண்மையான இலையே கொல்லைப்புறத்தில் இருக்கிறது. வாட்டிய வாழை இலையைக் கீறி மடித்து நிறுத்தினால் சோறு ஒருபக்கம், கறி ஒருபக்கம். எமது நாட்டில் பொலித்தீன் லன்ச் சீற்றும் ரெஜிபோம் பெட்டியும் 2017 செப்டெம்பர் 1 முதல் தடைசெய்யப்பட்டவை. ஐஸ்கிரீம் டப்பாவில் சுடுசோறு கட்டுவதையும் விட்டுவிடலாம். அது குளிருக்காகச் செய்யப்பட்டது.

இதற்கெல்லாம் நேரம் எங்கே என்று கேட்பவர்களுக்கு: சமையலில் எதுவும் கூடவில்லை. வீட்டுக்குச் சமைத்த அதே கறிகள்தான். விகிதம் தீர்மானிக்கப்படுவது அடுப்பில் அல்ல, பெட்டியில் போடும்போதுதான். எனவே அந்த வேலையை உம்மாவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டேன். ஏழெட்டு நிமிடம் போதும். முதலில் மரக்கறியையும் மீனையும் அவற்றின் இடத்தில் வைத்துவிட்டு, மிஞ்சிய இடத்துக்கே சோறு போடுகிறேன். சோற்றை முதலில் போட்டால் மற்றவற்றுக்கு இடமே கிடைக்காது. திங்கட்கிழமை சிவப்பரிசிச் சோறு, நெத்தலித் தாளிதம், வல்லாரை, கரட். செவ்வாய் சுருட்டி வெட்டிய முட்டைப் பொரியலும் போஞ்சியும். புதன் சோற்றுக்குப் பதில் பலாச்சுளை, அதோடு கௌபி. வியாழன் முதல்நாள் இரவே ஊறவைத்த கடலை, பூசணிப் பிரட்டல். வெள்ளிக்கிழமை பாடசாலை வெள்ளனே விடுவதால் சின்னப் பெட்டி போதும். பகல் சோறு வீட்டில், எல்லோரோடும் சேர்ந்து.